மாற்றவியலாமையா, சுவடழியாமையா? ஒரு ஜெர்மன் கணக்கியல் சொல்

ஜெர்மனியில் கணினிவழிக் கணக்கு வைத்திருக்கும் எவரும் அடிக்கடி எதிர்கொள்ளும் சொல் 'உன்ஃபெரெண்டர்பார்கைட்'. அந்நாட்டு நிதி அமைச்சகம் 2014 நவம்பர் 14 அன்று வெளியிட்டு, 2019 நவம்பர் 28 அன்று திருத்திய 'கே-ஓ-பே-டே' என்னும் நெறிமுறை, மின்னணுக் கணக்குகளை எப்படி எழுத வேண்டும், எப்படிப் பேணிவைக்க வேண்டும், வரித் தணிக்கையாளருக்கு எப்படித் திறந்து காட்ட வேண்டும் என்பதைச் சொல்கிறது. அதன் தூண்களுள் ஒன்று இச்சொல்.

சொல்லைப் பிரித்தால் பொருள் எளிதில் விளங்கும். 'உன்' எதிர்மறை முன்னொட்டு. நடுவில் உள்ள 'ஃபெரெண்டர்' என்பது 'வேறு' என்று பொருள்படும் 'அண்டர்' என்பதிலிருந்து வந்த வினை, அதாவது வேறாக்குதல். 'பார்' இயலும் தன்மையையும், 'கைட்' பண்புப்பெயரையும் தருகின்றன. ஆகவே, 'மாற்றவியலாமை' என்று மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்றே தோன்றும். அப்படி நகர்ந்தால் சட்டத்தின் கருத்து கைநழுவிப் போகும் என்பது என் எண்ணம்.

ஏனெனில், இந்த நெறிமுறைக்கு அடிப்படையான வரி ஒழுங்குச் சட்டத்தின் 146ஆம் பிரிவும் வணிகச் சட்டத்தின் 239ஆம் பிரிவும் மாற்றத்தையே தடை செய்யவில்லை. மூலப் பதிவில் என்ன இருந்தது என்று பின்னர் கண்டறிய முடியாதபடி மாற்றுவதைத்தான் தடை செய்கின்றன. காகிதப் பேரேடுகளின் காலத்திலிருந்து வரும் 'ராடியர்ஃபெர்போட்', அதாவது சுரண்டியழித்தல் தடை, என்ற பெயர் இதை இன்னும் துல்லியமாகச் சொல்கிறது. சுரண்டுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது அது. தவறாக எழுதியதை ஒரு கோடிட்டு அடித்து, சரியான தொகையைப் பக்கத்தில் எழுதலாம். கத்தியால் மையைச் சுரண்டி எடுத்தல் கூடாது.

ஒரு கடைக்காரர் 84.50 யூரோவுக்கான பற்றுச்சீட்டை 48.50 என்று பதிவு செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எக்செல் போன்ற கட்டத்தாள் கோப்பில் ரொக்கப் புத்தகம் வைத்திருந்தால், அந்தக் கட்டத்தைச் சொடுக்கி எண்ணை மாற்றிச் சேமித்துவிடுவார். பழைய எண் இருந்ததற்கான தடயமே இராது. முறையான மென்பொருளிலோ, உறுதியாக்கப்பட்ட பதிவு பூட்டப்பட்டிருக்கும். முதலில் அந்தத் தவறான பதிவு, அடுத்து 48.50ஐ நீக்கும் எதிர்ப்பதிவு, பிறகு 84.50க்கான புதுப் பதிவு என மூன்று வரிகள், அவை எழுதப்பட்ட நேரத்தோடு நிற்கும். அந்த எதிர்ப்பதிவை ஜெர்மானியர் 'ஷ்டோர்னோ' என்கின்றனர். இத்தாலியக் கணக்கர்களிடமிருந்து வந்த சொல் அது. பற்றுச்சீட்டுகளை வருடி (ஸ்கேன் செய்து) எடுத்துக் கணினியின் சாதாரணக் கோப்புறையில் போட்டு வைப்பதும், கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாதவரை, பொதுவாகப் போதாது என்று நெறிமுறை வெளிப்படையாகவே சொல்கிறது. குறைபாடு பெரிதாக இருந்தால் வரி அலுவலகம் கணக்கை ஒதுக்கிவிட்டு வருமானத்தைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளலாம் என்பதால், இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில், 'சுவடழியாமை' என்பதே பொருத்தமான தமிழாக எனக்குப் படுகிறது. 'மாற்றவியலாமை' என்று படிக்கும் கணக்காளர், தவறைத் திருத்தவே கூடாது போலும் என்று அஞ்சுவார். 'சுவடழியாமை' என்றால் திருத்தலாம், ஆனால் நடந்து சென்ற தடம் தெரிய வேண்டும் என்று உடனே புரிந்துகொள்வார். 'திருத்தத்தடம் பேணல்' என்றும் சொல்லிப் பார்த்தேன். அது செயலைக் குறிக்கிறதே தவிரப் பண்பைக் குறிக்கவில்லை.

இந்தச் சுவடு எத்தனை காலம் அழியாதிருக்க வேண்டும் என்பதைத் துணைச்சொல்லான 'ஆவுஃப்பெவாருங்' தீர்மானிக்கிறது. காத்தல் என்னும் பொருளுடைய 'வாரன்' அதன் வேர். 'பேணிவைப்பு' என்பது சரியான தமிழ். பேரேடுகளுக்கும் ஆண்டறிக்கைகளுக்கும் 10 ஆண்டுகள், வணிகக் கடிதங்களுக்கு 6 ஆண்டுகள். பதிவுக்கு ஆதாரமான சீட்டுகளுக்கு 10 ஆண்டுகளாக இருந்தது 2025 முதல் 8 ஆகக் குறைந்தது. ஆண்டு முடிவிலிருந்தே கணக்கு தொடங்குவதால், 2025 மார்ச்சில் எழுதப்பட்ட அந்த 84.50 யூரோ சீட்டை 2033 டிசம்பர் 31 வரை பேணிவைக்க வேண்டும். வரி நிர்ணயத்திற்கான கெடு அதற்குள் முடியாவிட்டால் அதற்குப் பின்னரும்.