புது இன்ஜினுக்கு நேர்ச்சாலை ஆகாது

மதுரையில் வண்டியை டெலிவரி எடுத்து, மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாகிவிட்டது. பரமக்குடி தாண்டியதும் குரூஸ் கண்ட்ரோலை எண்பதில் வைத்துவிட்டு ராமநாதபுரம் வரை காலை நீட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு. ‘புது வண்டி, அதான் மெதுவா வந்தோம்’ என்று ஒரு திருப்தியும் இருக்கும். வேகத்தில் தப்பில்லை. ஆனால் ஒரே கியரில், ஒரே வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டபடி நெடுநேரம் ஓடுவது புது இன்ஜினுக்கு ஆகாது. அது டர்போ பூட்டிய வேகக்கார் என்றால் இன்னும் ஆகாது.

காரணம் பிஸ்டன் ரிங், அதாவது சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றி மாட்டிய உலோக வளையம். சிலிண்டரின் உள்சுவர் கண்ணாடிபோல வழவழவென்று இருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இருக்கக்கூடாது. தொழிற்சாலையில் ஹோனிங் கல்லைச் சுழற்றி, மேலும் கீழும் ஓட்டி, ஒன்றையொன்று வெட்டும் நுண்கோடுகளை வேண்டுமென்றே போடுகிறார்கள். புதிதாகக் கொத்திய அம்மியில் குழியும் வேண்டும், மேலே துருத்தும் பொடிக்கல் உதிரவும் வேண்டும் அல்லவா, அதே கதைதான் இங்கும். கோட்டின் பள்ளங்கள் ஆயிலைப் பிடித்து வைக்கும். மேடுகளின் முனைகள் ரிங்கோடு உரசித் தேயும். தேய்ந்து முடிந்ததும் சுவரும் ரிங்கும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போகும். மெக்கானிக்குகள் ‘இன்ஜின் செட் ஆகணும்’ என்று சொல்வது இதைத்தான்.

இந்த உரசலுக்கு அழுத்தம் எங்கிருந்து வருகிறது? ரிங்குக்கு இயல்பாகவே கொஞ்சம் விரியும் தன்மை உண்டு, ஆனால் அது போதாது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் வாயு, ரிங்கின் மேற்பக்க இடுக்கு வழியாக அதன் முதுகுக்குப் பின்னால் புகுந்து, அதைச் சுவரை நோக்கித் தள்ளுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த இந்தத் தள்ளு கூடும். லேசாகவே ஓட்டினால் ரிங் சுவரில் சரியாக அழுந்தாது. அது வழிக்காமல் விட்ட ஆயில் சூட்டில் காய்ந்து, வார்னிஷ் பூசியதுபோலப் படிந்து, அந்த நுண்கோடுகளை அடைத்துவிடும். அப்புறம் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் ரிங் அமர்வது கஷ்டம். வாயு கீழே கசியும், ஆயில் மேலே ஏறி எரியும், சைலன்சரில் நீலப்புகை வரும். அந்த நிலைக்குப் போனால் இன்ஜினைப் பிரித்து மறுபடி ஹோனிங் போடத்தான் வேண்டும்.

சரி, அப்படியானால் முதல் நாளே இன்ஜின் சுற்று காட்டும் முள்ளைச் சிவப்புக்கோட்டில் வைத்துவிடலாமா? அப்படிச் சொல்லும் ஒரு கூட்டமும் இருக்கிறது. அவர்கள் சொல்வதில் பாதி சரி. இன்ஜினுக்குச் சுமை வேண்டும், அதிகச் சுற்று வேண்டாம். தேயாத முனைகள் அதிவேகத்தில் உரசினால் அந்த இடம் மட்டும் பயங்கரமாகச் சூடேறி, ஆயில் படலம் கிழிந்து, சுவரில் கீறல் விழும். அதனால்தான் பிஎம்டபிள்யூவின் ‘எம்’ வகை வேகக்கார்களின் கையேடு முதல் 2,000 கி.மீ. வரை 5,500 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) தாண்டாதே என்கிறது. அமெரிக்க வேகக்காரான கார்வெட்டின் கையேட்டில் முதல் 800 கி.மீ.க்கு 4,000 ஆர்பிஎம். எண்கள் வேறுவேறு, ஆனால் வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டு என்பதில் இரண்டுக்கும் ஒரே பேச்சு.

நம் கடற்கரையின் சிக்கல் இங்கேதான். கொடைக்கானல் பக்கம் வீடு இருந்தால் மலைச்சாலையே இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரையோ, கீழக்கரையிலிருந்து சாயல்குடி வரையோ போனால் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. மாற்றத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும். கால்மணி நேரம் நிதானமாக ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் இது வேண்டும். இன்ஜின் தண்ணீரின் சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் முழுச்சூட்டுக்கு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பின்னால் வண்டி இல்லாத இடத்தில் மூன்றாவது கியரில் நாற்பதிலிருந்து எண்பது வரை பாதி ஆக்சிலரேட்டரில் ஏற்றுங்கள். பிறகு காலை முழுதாக எடுத்துவிட்டு, பிரேக் தொடாமல், அதே கியரில் நாற்பது வரை தானாக இறங்க விடுங்கள். இறங்கும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் கொஞ்சம் ஆயிலை மேலே இழுத்து, தேய்ந்த உலோகப் பொடியைக் கழுவிவிடும். கியர் பற்களின் மறுபக்கமும் அப்போதுதான் வேலை செய்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் மேனுவல் மோடில் போட்டுக்கொள்ளுங்கள். சாலையோரம் குண்டுமிளகாய் காயப்போட்டிருக்கும் காலத்திலும் ஆடுகள் குறுக்கே போகும் நேரத்திலும் இந்த வேலையே வேண்டாம். விடிகாலைதான் வசதி.

பாம்பன் பாலத்தில் நல்ல ஏற்றம் இருக்கிறதே என்று தோன்றும். ரயில் பாலத்தைப் பார்க்க ஓரம்கட்டி நிற்கும் கூட்டத்தில் அங்கே எதையும் பழக்க முடியாது. தனுஷ்கோடி இன்னும் மோசம். அரிச்சல்முனையில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் ஐட்லிங்கில் நிறுத்துகிறார்கள். ரிங்குக்குத் தள்ளு மிகக் குறைவாகக் கிடைக்கும் நிலை அதுதான். போதாததற்குக் காற்றில் பறக்கும் மணல். மணலில் உள்ள குவார்ட்ஸ், சிலிண்டர் இரும்பைவிடக் கடினமானது. காற்று நிறைய போகட்டும் என்று கம்பெனி ஃபில்டரைக் கழற்றி வேறு எதையாவது மாட்டும் ஆசையை இந்தக் கரையில் தள்ளிப்போடுவது நல்லது.

முதல் ஆயிலில் தேய்மானப் பொடி அதிகம் சேரும். எம் கார்களுக்கு 2,000 கி.மீ. சர்வீஸில் இன்ஜின் ஆயிலோடு பின் ஆக்ஸிலில் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் ஆயிலையும் மாற்றுகிறார்கள். ‘முதலில் மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும்’ என்ற பழைய அறிவுரையை மறந்துவிடலாம். இன்றைய வேகக்கார்கள் பல, தொழிற்சாலையிலேயே சிந்தடிக் ஆயிலோடுதான் வருகின்றன. புது பிரேக்குக்கும் டயருக்கும் சில நூறு கிலோமீட்டர் பழக்கம் தேவை, அதுவரை பிடிமானம் குறைவு. உப்புக்காற்றில் ஒரே இரவில் டிஸ்க்கில் படியும் துரு வேறு விஷயம், சில பிரேக்கில் போய்விடும்.

செட் ஆகிவிட்டதா என்று ஆயில் அளவே காட்டிக்கொடுக்கும். பெட்ரோல் போடும்போதெல்லாம் பாருங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் இறங்கும், பிறகு இறக்கம் நின்றுபோகும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஆகியும் நிற்கவில்லை என்றால், வாரண்டி இருக்கும்போதே சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லி, அளவை எழுத்தில் வாங்கி வையுங்கள்.