கேமராவை மாத்துறதுக்கு முன்னாடி கார் டோர்ல என்ன தெரியுதுன்னு பாருங்க

கார் போட்டோ நல்லா வரலைன்னு எங்கிட்ட வர்ற பசங்க பாதிப் பேர் முதல்ல கேக்குறது எந்த கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் வாங்கலாம்ங்கிறதுதான். அவங்க எடுத்த போட்டோவை வாங்கிப் பெருசு பண்ணிப் பாத்தா பிரச்சனை வேற எடத்துல இருக்கும். முன் டோர்ல போட்டோ எடுக்குறவரே போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்குறார், பின் டோர்ல ஒரு ஆட்டோ நிக்குது, பானெட் மேல கரண்ட் கம்பி குறுக்க ஓடுது, கண்ணாடி முழுக்க மரத்தோட கிளை. லட்ச ரூபாய்க்கு கேமரா வாங்கினாலும் இதெல்லாம் இன்னும் தெளிவா விழும், அவ்வளவுதான்.

பெயின்ட் மேல கிளியர் கோட்னு ஒரு பளபளப்பான லேயர் இருக்கறதால கார் பாடிங்கிறது கிட்டத்தட்ட வளைஞ்ச கண்ணாடி மாதிரி. ஆளை போட்டோ எடுக்குறப்போ வெளிச்சம் முகத்துல எப்படி விழுதுன்னு பாத்தா போதும், காருக்கு அது பத்தாது, காரைச் சுத்தி என்ன இருக்கோ அதுதான் பாடில தெரியும், கறுப்பு கார்னா இன்னும் மோசம், எதையும் மறைக்காது. போட்டோவுல காருக்குப் பின்னாடி என்ன பேக்ரவுண்டுன்னு எல்லாரும் யோசிக்கிறாங்க, உங்க முதுகுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு யாரும் திரும்பிப் பாக்குறதில்ல, ஆனா காரோட சைடுல தெரியப் போறது அதுதான். அதனால ஸ்பாட்டுக்குப் போனதும் போனை எடுக்காதீங்க. முதல்ல காரைச் சுத்தி ஒரு ரவுண்டு நடந்து ஒவ்வொரு டோரையும் பாருங்க. பத்தடி முன்ன பின்ன நகர்த்தி நிறுத்தினாலே அந்த ஆட்டோவும் கம்பியும் காணாமப் போயிடும். முடிஞ்சா டார்க் கலர் சட்டை போட்டுட்டுப் போங்க, வெள்ளை சட்டை போட்டு நின்னா நீங்களே டோர்ல பளிச்சுன்னு தெரிவீங்க.

அடுத்தது வெளிச்சம். மத்தியான வெயில்ல எடுத்தா கூரையும் பானெட்டும் வெள்ளையா எரிஞ்சு போகும், பம்பருக்குக் கீழ எல்லாம் கறுப்பா அடைச்சுக்கும், அதுபோக தூசியைக் காஞ்ச துணியால துடைச்சு துடைச்சு விழுந்த வட்ட வட்டக் கீறல் எல்லாம் நேர் வெயில்ல சிலந்தி வலை கணக்கா தெரியும். (தயவுசெஞ்சு காஞ்ச துணில தூசி துடைக்காதீங்க, முதல்ல கார் மேல தண்ணி ஊத்திட்டு அப்புறம் மைக்ரோஃபைபர் துணி. போட்டோவுக்காக மட்டும் சொல்லல.) எனக்குப் பிடிச்ச நேரம் சூரியன் மறைஞ்ச அப்புறம் வர்ற கொஞ்ச நேரம்தான். வானம் மொத்தமும் வெளிச்சமா இருக்கும், ஆனா எந்தப் பக்கத்துலேருந்தும் குத்தாது, அந்த வானம் அப்படியே பானெட்லேருந்து கதவு வரைக்கும் ஒரே சீரா இறங்கும், கம்பெனி டிசைனர் போட்ட பாடி லைன் எல்லாம் அப்பதான் கண்ணுக்குத் தெரியும். ஆனா நம்ம ஊர்ல இது ரொம்ப நேரம் நிக்காது, ஐரோப்பால கோடைகாலத்துல இருட்ட ரொம்ப நேரம் ஆகும், சென்னைல சூரியன் விழுந்து 20, 25 நிமிஷத்துல முடிஞ்சிடும். டிசம்பர்ல சாயங்காலம் 5.45 வாக்குல மறையுது, ஜூலைல 6.40க்குப் பக்கம் ஆகுது, அதனால அரை மணி நேரம் முன்னாடியே போய் காரைத் துடைச்சு, நிறுத்தி, ஆங்கிள் முடிவு பண்ணி வச்சுட்டுக் காத்திருக்கணும்.

சென்னைலேருந்து கடலோரமா போற ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் எடுக்குறவங்களுக்கு ஒரு விஷயம். சூரிய உதயம்னா அழகுன்னு விடியக்காலைல நாலு மணிக்கு எழுந்து கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ போயிடறாங்க. நம்ம கடல் கிழக்க இருக்கு. கடலை பேக்ரவுண்டா வச்சு காலைல எடுத்தா வெளிச்சம் மொத்தமும் காருக்குப் பின்னாடி, உங்களைப் பாத்த பக்கம் இருட்டு. அதே எடத்துல சாயங்காலம் போங்க, மேற்க வானம் உங்க முதுகுக்குப் பின்னாடி சிவந்து நிக்கும், அது அப்படியே காரோட சைடுல விழும், பின்னாடி கடலும் வானமும் லேசான நீலத்துல இருக்கும். காலை வெளிச்சத்தை வச்சு எடுக்கணும்னா கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்க, சவுக்குத் தோப்பு பேக்ரவுண்டா வரும், அதுவும் நல்லாதான் இருக்கும். கேரளா கடற்கரைனா இதெல்லாம் அப்படியே தலைகீழ். மணல்ல மட்டும் காரை இறக்காதீங்க, பாக்க கெட்டியா இருக்கும், வீல் சுத்த ஆரம்பிச்சா அப்படியே புதையும், வெளிய இழுக்க டிராக்டர் தேட வேண்டியதுதான்.

வெளிச்சம் கிடைக்காத நாள்ல என்ன பண்றதுன்னா, மேம்பாலத்துக்கு அடியிலயோ பெரிய ஷெட் வாசல்லயோ நிழல் முடியுற ஓரத்துல நிறுத்துங்க, ஒரு பக்கத்துலேருந்து மட்டும் மென்மையா வெளிச்சம் வரும். பெட்ரோல் பங்க் லைட்டுக்கு அடியில எடுக்குற ஃபேஷன் ஒண்ணு ஓடுது, பம்ப் பக்கத்துல போன் எடுக்கக் கூடாதுன்னு போர்டே வச்சிருக்காங்க, அது சும்மா வைக்கல, வேண்டாம்.

இப்போ ஃபிரேமுக்கு வரேன். போனோட மெயின் கேமரா பொதுவா 24லேருந்து 26 எம்எம் வைடு, அதாவது ரொம்ப அகலமா பாக்குற லென்ஸ். கார் பக்கத்துல நின்னு அதுல எடுத்தா கிட்ட இருக்கிற ஹெட்லைட் வீங்கி, பின்பக்கம் சுருங்கி, நல்ல செடான்கூட பொம்மை கார் மாதிரி ஆயிடும். நாலஞ்சு எட்டு பின்னாடி போய் 2எக்ஸ், 3எக்ஸ் ஜூம்ல எடுங்க, பெரிய கேமராவா இருந்தா 70, 85 எம்எம் லென்ஸ். நின்ன வாக்குல எடுக்காம முட்டி போட்டு ஹெட்லைட் உயரத்துக்கு இறங்குங்க. முன்பக்கமும் சைடும் தெரியுற மாதிரி எடுக்குறப்போ ஸ்டீயரிங்கை உங்க பக்கம் ஒடிக்காதீங்க, எதிர்ப்பக்கம் ஒடிங்க, அப்பதான் அலாய் வீலோட முகம் தெரியும், இல்லைன்னா வெறும் டயர்தான் தெரியும். கூரைலேருந்து லைட் கம்பம் முளைச்ச மாதிரி இருக்கா, அடிவானக் கோடு கண்ணாடியைக் குறுக்க வெட்டுதான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க. எல்இடி லைட் எரிய விட்டு எடுத்தா சில கார்ல பாதி லைட் அணைஞ்ச மாதிரி விழும், அது ரிப்பேர் இல்ல, அந்த லைட் கண்ணுக்குத் தெரியாத வேகத்துல அணைஞ்சு எரியுது, ஷட்டர் வேகத்தை 1/50 செகண்டுக்குக் குறைச்சா பெரும்பாலும் சரியாயிடும்.

கேமரா வச்சிருக்கிறவங்க அடுத்து ஏதாவது வாங்கணும்னா புது லென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சிபிஎல் ஃபில்டர் (லென்ஸ் மேல மாட்டிச் சுத்துற, பிம்பத்தைக் குறைக்கிற கண்ணாடி) வாங்குங்கன்னுதான் சொல்லுவேன். அதை சுத்துறப்போ விண்ட்ஷீல்டுல தெரியுற வானமும் பெயின்ட் மேல இருக்கிற பிம்பமும் மறையும், உள்ள சீட் தெரியும், கலர் ஆழமாகும். குரோம் மேல மட்டும் வேலை செய்யாது, வெளிச்சமும் ஒரு ஸ்டாப்புக்கு மேல, அதாவது பாதிக்கு மேல குறையும். கண்ணாடிக்கு ஒரு கோணம், சைடுக்கு வேற கோணம் தேவைப்படும், அதனால டிரைபாட்ல வச்சு ரெண்டு தடவை எடுத்து எடிட்டிங்ல சேத்துக்கலாம். பின் கண்ணாடில புள்ளி புள்ளியா ஏதோ தெரியுதேன்னு பயந்துடாதீங்க, டஃபன்டு கிளாஸ்னு சொல்ற கெட்டிப்படுத்தின கண்ணாடியைத் தயாரிக்கிறப்போ உள்ள நின்ன அழுத்தம் இந்த ஃபில்டர்ல அப்படித் தெரியும். பிம்பம் எல்லாத்தையும் அழிச்சிடவும் வேண்டாம், மொத்தமா எடுத்துட்டா கார் பிளாஸ்டிக் மாதிரி செத்துப் போயிடும்.

எடிட்டிங்ல ரொம்ப வேதனையா இருக்கிறது வானத்தை மாத்துறது. ஆப்ல ஒரு தட்டு தட்டினா ஆரஞ்சு கலர் மேகம் வந்துடும், ஆனா பானெட்லயும் கண்ணாடிலயும் பழைய வெள்ளை வானம் அப்படியே இருக்கும், பாக்குறவனுக்கு என்னன்னு சொல்லத் தெரியாட்டியும் பொய்யுன்னு பட்டுடும். கிளாரிட்டியை (சின்னச் சின்ன டீடெயிலைத் தூக்கிக் காட்டுற செட்டிங்) ஏத்தாதீங்க, பெயின்ட்ல அழுக்கு படிஞ்ச மாதிரி ஆகும். சிவப்பு கார்னா சாச்சுரேஷனை, அதாவது கலர் அடர்த்தியைக் கூட்டாம குறைச்சே பாருங்க, சிவப்பு சீக்கிரம் நிரம்பி டீடெயில் போயிடும். ரா (RAW) ஃபார்மேட்ல, அதாவது கேமரா சுருக்காத ஃபைலா எடுத்து, ஹைலைட்டை (ரொம்ப வெளிச்சமான பகுதியை) இறக்கி, ஒயிட் பேலன்ஸ் சரி பண்ணி, தரைல கிடக்கிற குப்பையை அழிச்சா என் வேலையில பாதி முடிஞ்சிடும்.

இதுவரைக்கும் சொன்னதை விட முக்கியமான ஒண்ணு. ஓஎம்ஆர்லயும் (பழைய மாமல்லபுரம் ரோடு) ஈசிஆர்லயும் பின் ஜன்னல்ல உடம்பை வெளிய நீட்டி, டிக்கியைத் திறந்து உக்காந்து, பக்கத்துல இன்னொரு காரை 80ல ஓட விட்டு ரோலிங் ஷாட் எடுக்கிறாங்க, அவ்வளவும் 20, 22 வயசுப் பசங்க. வேண்டாம்ப்பா. ரெண்டு டிரைவருமே ரோட்டைப் பாக்காம பக்கத்து காரைப் பாத்துதான் ஓட்டுறாங்க, நடுவுல ஒரு பைக் வந்தா யாரால பிரேக் போட முடியும். மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவுல ஆபத்தா வண்டி ஓட்டுறது குற்றம், அது ஒரு பக்கம், உயிர் போனா சட்டம் என்ன பண்ணும். நாங்க வேலைக்குப் பண்றப்போ மூடின ரோடு இல்லைன்னா டிராக். விளம்பரத்துல வேகமா பறக்கிற மாதிரி தெரியுற நிறைய காரை, காரோட ஒரு நீளக் கம்பை மாட்டி அதோட நுனில கேமராவை வச்சு, இன்ஜினை ஆஃப் பண்ணி ஆள் நடக்கிற வேகத்துல தள்ளித்தான் எடுக்குறாங்க, ஷட்டர் ஒரு செகண்ட், ரெண்டு செகண்ட் திறந்திருக்கும், கம்பை அப்புறம் எடிட்டிங்ல அழிச்சுடுவாங்க. வேகத்தைப் பிடிச்சுப் பழகணும்னா இருங்காட்டுக்கோட்டை டிராக்லயோ கோயம்புத்தூர் செட்டிபாளையம் காரி டிராக்லயோ ரேஸ் நடக்கிற நாள்ல பார்வையாளர் பக்கம் நின்னு பேன் பண்ணி, அதாவது ஓடுற காரோட சேத்து கேமராவையும் திருப்பி எடுத்துப் பழகுங்க, ஷட்டரை 1/250ல ஆரம்பிச்சு 1/125, 1/60ன்னு இறங்குங்க, முதல்ல முக்கால்வாசி ஷேக் ஆகத்தான் செய்யும், இடுப்புலேருந்து திரும்பிப் பழகினா கை தானா நிக்கும்.

பழைய காரை விக்கிறதுக்குப் போட்டோ எடுக்குறவங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்கும் இதே வெளிச்சம் இதே ஆங்கிள்தான், ஆனா கீறலையும் டென்ட்டையும் (நசுங்கின எடம்) எடிட்டிங்ல அழிக்காதீங்க. அவ்வளவு தூரம் வந்து நேர்ல பாக்குறவர் அந்த ஒண்ணைக் கண்டுபிடிச்சா மீட்டர்லேருந்து சர்வீஸ் புக் வரைக்கும் எதையும் நம்ப மாட்டார். அதுக்குன்னு தனியா ஒரு போட்டோ எடுங்க. ஒரு டியூப் லைட்டோ ஜன்னல் விளிம்போ அந்த எடத்துல நேர்கோடா தெரியுற மாதிரி நில்லுங்க, டென்ட் இருக்கிற எடத்துல கோடு வளையும், பக்கத்துல ஒரு ரூபாய் காசை டேப்ல ஒட்டி எடுத்துட்டா எவ்வளவு பெருசுன்னும் தெரிஞ்சிடும்.