ஓட்டு இல்லாத பிள்ளைகளின் சாப்பாடு: சட்டம் தருவது என்ன, நாம் எங்கே கேட்பது?

தேர்தல் சமயத்தில் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் எங்கள் தெருவில் என்னென்ன கேட்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். ரோடு, குடிதண்ணீர், பட்டா, முதியோர் பென்ஷன். எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் தெருமுனைப் பால்வாடியில் எடை பார்க்கும் மெஷின் வேலை செய்கிறதா என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அங்கே போகும் பிள்ளைகளுக்கு ஓட்டு கிடையாது. நமக்கு இருக்கிறது, ஆனால் அந்தச் சாப்பாடு சட்டப்படியான உரிமை என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது. யாரோ இரக்கப்பட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறோம்.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் என்றால் ரேஷன் அரிசிதான் நினைவுக்கு வரும். குழந்தைகளின் சாப்பாடும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. ஆறு மாதக் குழந்தை முதல் ஆறு வயது வரை அங்கன்வாடி வழியாக இலவச உணவு. மூன்று வயதுக்குக் கீழே என்றால் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள், நம் ஊரில் அது சத்துமாவுப் பாக்கெட். மூன்றிலிருந்து ஆறு வரை காலையில் ஏதாவது சிற்றுண்டி, அப்புறம் சூடாகச் சமைத்த சாப்பாடு. 2013-இல் சட்டம் வந்தபோது வைத்த அளவு நாளுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும். ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைக்கு 800 கலோரி, 20 முதல் 25 கிராம் புரதம். 2023-இல் இந்த அளவுகளைத் திருத்தினார்கள். எடை மெஷினைப் பற்றி நான் சொன்னது இதனால்தான். எடையைச் சரியாகப் பார்த்து எழுதாவிட்டால், மெலிந்துபோன குழந்தைக்கு வரவேண்டிய அந்தக் கூடுதல் உணவு வராமலே போய்விடும். கர்ப்பிணிகளுக்கும், பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை தாய்மார்களுக்கும் உணவு உண்டு.

அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை, பள்ளி நாள்களில் மதிய உணவு. சட்டம் வந்தபோது வைத்த அளவு ஐந்தாம் வகுப்பு வரை 450 கலோரி, அதற்கு மேல் 700. இதற்கென்று 2015-இல் வந்த மதிய உணவு விதிகளில் ஒன்றை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அரிசி வரவில்லை, காஸ் இல்லை, சமைப்பவர் வரவில்லை என்று ஒரு நாள் சாப்பாடு போடாவிட்டால், அதற்கு ஈடான உணவுப் பாதுகாப்புப் படியை, அதாவது தானியத்தையும் சமையல் செலவுப் பணத்தையும், அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் அரசு தர வேண்டும். தொடர்ந்து மூன்று பள்ளி நாள்களோ, ஒரு மாதத்தில் ஐந்து நாள்களோ சாப்பாடு நின்றால், யார் பொறுப்பு என்று கண்டறிந்து நடவடிக்கை எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கிடைப்பது இந்த அளவைவிடக் கூடுதல். சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டம் இது. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று கலைஞர் ஆட்சியில் ஆரம்பித்தது, 2010-இல் வாரம் ஐந்து முட்டையானது. ஆட்சி மாறினாலும் சத்துணவை யாரும் கைவிடவில்லை. ஓட்டுப் போடுகிறவர்கள் அதைத் தங்கள் வீட்டு விஷயமாக எடுத்துக்கொண்டதுதான் காரணம் என்பது என் கருத்து. சத்துணவுக்குக் கிடைத்த அந்தக் கவனம் பால்வாடிக்கு இன்னும் கிடைக்கவில்லை.

காலை உணவுத் திட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்து வரை. நல்ல திட்டம். ஆனால் மதிய உணவைப் போல இது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதப்பட்டதல்ல. மாநில அரசின் முடிவில் நடப்பது, ஆகவே கேட்டுக்கொண்டே இருந்தால்தான் நிற்கும்.

சரி, எங்கே கேட்பது? முதல் இடம் கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் அதில் உறுப்பினர்கள். அதாவது உங்கள் ஓட்டுரிமைக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு நாள் மட்டுமல்ல, வருடத்தில் ஆறு நாள் வேலை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பள்ளி விஷயம் என்றால் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை. இவற்றில் நடக்கவில்லை என்றால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு, சட்டப்படி அமைந்த மாவட்டக் குறைதீர் அலுவலர், அதற்கு மேல் மாநில உணவு ஆணையம்.

கிராம சபையில் எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். "அங்கன்வாடியை மேம்படுத்த வேண்டும்" என்று தீர்மானம் எழுதினால் யாருக்கும் எந்த வேலையும் இல்லை. "நம் ஊர் அங்கன்வாடி மையத்தின் சமையலறைக் கூரை ஒழுகுகிறது. எடை மெஷின் பழுதாகிக் கிடக்கிறது. கூரையை ஊராட்சி இன்ன தேதிக்குள் சரிசெய்ய வேண்டும். மெஷினுக்கு வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு எழுத வேண்டும்" என்று இருந்தால், அடுத்த கூட்டத்தில் என்ன ஆயிற்று என்று விரல் நீட்டிக் கேட்கலாம். முந்தின நாளே இரண்டு மூன்று தாய்மார்கள் மையத்துக்குப் போய் எடைப் பதிவேட்டையும் பாத்திரத்தில் இருக்கும் சாப்பாட்டையும் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. அங்கன்வாடிப் பணியாளரைக் குறை சொல்லப் போகிறோம் என்று ஆகிவிடக் கூடாது. கூரை ஒழுகுவதால் முதலில் அவதிப்படுகிறவர் அவர்தான்.

பல ஊர்களில் கூட்டம் தொடங்கும்போதே பதிவேட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். வருகைக்கான கையெழுத்தைப் போடுங்கள். ஆனால் தீர்மானம் எழுதி, வாசித்துக் காட்டி முடிக்கும்வரை எழுந்து போகாதீர்கள். நீங்கள் சொன்னது சொன்னபடி ஏறியிருக்கிறதா என்று பார்த்து, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு விடவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டு நகல் கேட்கலாம்.