‘நான்கு’ என்று சொல்ல எத்தனை மாத்திரை?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருந்தார். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம் மகன் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுவதால் பினாங்குத் தீவிலுள்ள ஓர் உளவியலாளரிடம் அழைத்துச் சென்றதாகவும், ஆங்கிலத்தில் நடந்த சோதனைக்குப் பிறகு ‘நினைவாற்றல் சராசரிக்குக் கீழ்’ என்று அறிக்கை வந்ததாகவும் கூறி, இதையே தமிழில் கேட்டிருந்தால் பிள்ளைக்கு நியாயம் கிடைத்திருக்குமல்லவா என்று வினவியிருந்தார்.

அவருடைய ஐயத்திற்கு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் வீடுகளிலிருந்து வந்த 9 பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, அறிவுக் குறைபாடுள்ளோர் வகுப்பில் உட்கார வைத்தார்கள். வழக்குத் தொடுக்கப்பட்டு, அவர்களைத் தாய்மொழியில் மீண்டும் சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்புக்கான வரம்பைத் தாண்டிவிட்டனர். பிள்ளையை அவனுடைய முதன்மை மொழியில்தான் சோதிக்க வேண்டும் என்ற நெறி 1970இல் முடிந்த அந்த வழக்கிலிருந்து வலுப்பெற்றது. சொற்பொருள், பொது அறிவு போன்ற பகுதிகளுக்கு இந்த நெறி முற்றிலும் பொருந்தும். ஆனால் நினைவாற்றல் சோதனைக்கு வரும்போது கதை திசை மாறுகிறது. தமிழில் மாற்றிக் கேட்பதே பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைத்துவிடக்கூடும்.

எப்படி என்பதற்குச் சோதனையின் நடைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். உளவியலாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் வெக்ஸ்லர் வகை அறிவுத்திறன் சோதனைகளில் எண்தொடர்ப் பகுதி ஒன்று இருக்கும். சோதிப்பவர் நொடிக்கு ஓர் எண் வீதம் ‘ஐந்து, இரண்டு, ஒன்பது’ என்று சொல்ல, பிள்ளை அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தொடர் நீண்டுகொண்டே போகும். ஒரே நீளத்தில் இருமுறை தவறினால் நிறுத்திவிடுவார்கள். பிள்ளை எட்டிய நீளத்தை அதே வயதுப் பிள்ளைகள் பலரைச் சோதித்து வகுத்த அளவுநெறியோடு ஒப்பிட்டு மதிப்பெண் தருவார்கள்.

நம் மனத்தில் ஏழு எண்களுக்கு ஏழு பெட்டிகள் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அங்கே இருப்பதைப் பெட்டி என்பதைவிட மிகக் குட்டையான ஒலிநாடா என்பதே பொருத்தம். கேட்ட ஒலி ஓரிரு நொடிகளில் மங்கத் தொடங்கும். மங்குமுன் அதை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் புதுப்பித்துக்கொண்டால் நிலைக்கும். உளவியலாளர் ஆலன் பேட்லியும் அவருடைய சகாக்களும் 1975இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 2 நொடிகளுக்குள் எத்தனை சொற்களைச் சொல்ல முடியுமோ அத்தனையைத்தான் மனிதர்கள் நினைவில் வைக்கிறார்கள் என்று கண்டனர். சொல் நீண்டால் நினைவில் நிற்கும் எண்ணிக்கை குறையும்.

இதை மொழிகளுக்கிடையே பொருத்திப் பார்த்தவர்கள் எல்லிஸ், ஹெனெலி என்ற இருவர். பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில் பேசப்படும் வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களை அவர்கள் சோதித்து 1980இல் முடிவை வெளியிட்டனர். வேல்ஸ் பிள்ளைகளுக்கான சோதனையில் எண்தொடர் மதிப்பெண் தாழ்வாக இருந்ததே அவர்களை இதில் இறங்க வைத்தது. வேல்ஸ் மொழியின் எண்பெயர்களும் பெரும்பாலும் ஓரசைச் சொற்களே (அசை என்பது இங்கே யாப்பின் அசையன்று, ஓர் உயிரொலியைக் கொண்ட ஒலித்துண்டு). ஆயினும் அவற்றின் உயிரொலிகள் நீண்டு ஒலிப்பதால் சொல்லி முடிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அதே ஆட்கள் வேல்ஸ் மொழியில் குறைவான எண்களையும் ஆங்கிலத்தில் கூடுதலான எண்களையும் நினைவில் வைத்தனர். மனத்துக்குள் ஒப்பிக்க முடியாதபடி வாய்க்கு வேறு வேலை கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துபோனது. ஆக, குறை நினைவகத்தில் இல்லை. எண்பெயரின் நீளத்தில் இருக்கிறது. இவ்வளவு எளிமையான ஏற்பாட்டில் இவ்வளவு தெளிவாகக் காரணத்தைப் பிரித்துக் காட்டும் சோதனையை உளவியலில் அடிக்கடி காண முடியாது.

நம் தெருவுக்கு வருவோம். ஒன்று முதல் ஒன்பது வரை சொல்ல மாண்டரினில் 9 அசைகள் போதும், ஆங்கிலத்தில் 10. மலாயில் ‘சத்து’ முதல் ‘செம்பிலான்’ வரை 19, எழுத்துத் தமிழில் 20. அசைகளை எண்ணுவதைவிட நேரத்தை அளப்பதே சரி. கண்ணிமைக்கும் பொழுதையும் கைநொடிக்கும் பொழுதையும் மாத்திரை என்று வரையறுத்து, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கும் குற்றியலுகரத்துக்கும் அரை என்று கணக்கு வைத்த நம் இலக்கணிகளுக்கு இது வியப்பாக இருந்திருக்காது. ‘நான்கு’ மூன்று மாத்திரை. பேச்சில் ‘நாலு’ என்று சுருக்கினால் மிச்சமாகுமே என்று நினைப்போம். ஆனால் வல்லின மெய்யின் மேல் வராத அந்த உகரம் குறுகாது என்பதால் அதுவும் மூன்று மாத்திரைதான்!

அமெரிக்கப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து உருவாக்கிய அளவுநெறியை வைத்துக்கொண்டு, எண்பெயர்களை மட்டும் தமிழாக்கிக் கேட்பதில் உள்ள சிக்கல் இதுதான். எண் மொழிபெயரும், அதன் கடினம் கூடவே மொழிபெயர்ந்து வராது. ஆங்கிலத்திலேயே கேட்பதும் தீர்வாகாது. கைப்பேசி எண்ணை ‘கோசோங் சத்து’ (சுழியம், ஒன்று) என்று மலாயிலும், வாய்பாட்டைத் தமிழிலும் சொல்லிப் பழகிய எட்டு வயதுப் பிள்ளை ஆங்கில எண்களை அதே வேகத்தில் மனத்துக்குள் ஒப்பிப்பான் என்று நம்ப இடமில்லை.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து வளரும் பிள்ளைகளிடமிருந்தே அளவுநெறி எடுக்கப்பட வேண்டும். அதற்குச் சில நூறு பிள்ளைகளையாவது பொறுமையாகச் சோதிக்க வேண்டும், பணம் வேண்டும். கணினி அறைக்கு மானியம் கொடுத்தால் ரிப்பன் வெட்டலாம், மாதிரிக் காசோலையைப் பிடித்துப் படம் எடுக்கலாம். அளவுநெறி அட்டவணைக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. அதே வேளையில், விரல்ரேகையைப் பதிந்து பிள்ளையின் அறிவுத்திறனைச் சொல்வதாகக் கூறும் வியாபாரத்திற்குப் பெற்றோர் தயங்காமல் பணம் கட்டுகிறார்கள். கருவிலிருக்கும்போதே வடிவம் பெற்றுவிடும் ரேகையிலிருந்து கணிதத் திறனைக் கணிக்க எந்த ஆதாரமும் இல்லை. சாதகம் பார்த்தவர்கள் இப்போது ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

தாயாருக்கு நான் எழுதிய பதில் நடைமுறை சார்ந்தது. கூட்டு மதிப்பெண்ணோடு நிற்காமல் ஒவ்வோர் உட்பகுதியின் மதிப்பெண்ணையும் கேட்டு வாங்குங்கள். எண்தொடரில் மட்டும் சரிவு இருந்தால், பெயர் சொல்லத் தேவையில்லாத சோதனை ஒன்றைச் செய்யும்படி கேளுங்கள். பலகையில் சிதறி வைத்த 9 கட்டைகளைச் சோதிப்பவர் ஒரு வரிசையில் தட்ட, பிள்ளை அதே வரிசையில் தட்டும் கோர்சி சோதனை அத்தகையது. அதிலும் பழக்கத்தின் பங்கு இருக்கும். ஆனால் எண்பெயரின் நீளம் அதில் குறுக்கிடாது. வாசிப்புச் சிரமத்தைத் தமிழ் எழுத்துகளைக் கொண்டே தனியாக ஆராயச் சொல்லுங்கள். வீட்டில் எந்தச் செயலுக்கு எந்த மொழி என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அந்தப் பக்கம் அறிக்கையோடு இணைக்கப்பட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.