குதிரையின் காலில் துளை போட்டால் வயது தெரியுமா?

பெரிய ஏல நிறுவனங்களின் விற்பனைப் பட்டியலைப் புரட்டினால், சீனத்து டாங் காலச் சுடுமண் குதிரைகளின் படத்துக்குக் கீழே அடிக்கடி ஒரு வரி கண்ணில் படும். ஆக்ஸ்ஃபோர்டில் செய்த வெப்ப ஒளிர்வுச் சோதனையின் முடிவு, பொருளுக்குச் சொல்லப்படும் காலத்தோடு ஒத்துப்போகிறது என்பதே அதன் சாரம். கூடவே ஒரு சான்றிதழ் எண்ணும் இருக்கும். மண்ணுக்கு எப்படி வயது தெரியும், அந்தச் சோதனையை ஏமாற்ற முடியாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முதல் கேள்விக்கான விடை அழகானது. இரண்டாவதுக்கான விடை அதைவிட அழகானது.

டாங் அரசமரபு கி.பி. 618 முதல் 907 வரை. அக்காலச் செல்வந்தர்களின் கல்லறைகளில் குதிரை, ஒட்டகம், காவலர் என்று சுடுமண் உருவங்களை வைத்துப் புதைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோயாங் பகுதியில் ரயில்பாதைக்காக நிலத்தைத் தோண்டியபோது இவை ஏராளமாக வெளிவந்து மேற்கத்தியச் சந்தைக்குப் போயின. 1989-இல் லண்டன் சாதபீஸ் ஏலத்தில், பிரிட்டிஷ் ரயில்வே ஓய்வூதிய நிதியம் முதலீடாக வாங்கி வைத்திருந்த ஒரு குதிரை 37 இலட்சத்து 40 ஆயிரம் பவுண்டுக்குப் போனது. இவ்வளவு விலை இருக்கும் இடத்தில் போலி வராமல் இருக்குமா? லோயாங்கை ஒட்டிய நான்ஷிஷான் கிராமத்தில் இன்றும் கைதேர்ந்த குயவர்கள் டாங் உருவங்களை நகல் என்று சொல்லியே செய்து விற்கிறார்கள். அதே திறமை நாணயமில்லாதவர் கைக்குப் போனால் கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கடினம். பூச்சில் ஓடும் மயிரிழை விரிசல், மேலே படியும் வானவில் மினுக்கம், ஒட்டிக்கொண்டிருக்கும் கல்லறை மண் எல்லாவற்றையும் அமிலத்தாலும் பசையாலும் வரவழைத்துவிடலாம். கார்பன்-14 முறையும் இங்கே உதவாது. களிமண்ணில் உயிர்ப்பொருளின் கார்பன் இருப்பது அரிது. ஆகவே மண்ணிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கடிகாரம் வேண்டும். அது இருக்கிறது.

எந்தக் களிமண்ணை எடுத்தாலும் அதில் பத்து இலட்சத்தில் சில பங்கு யுரேனியம், பத்துப் பங்கு அளவில் தோரியம், ஓரிரு சதவீதம் பொட்டாசியம் இருக்கும். பொட்டாசியத்தில் ஒரு சிறு பகுதி கதிரியக்கம் உள்ள பொட்டாசியம்-40. இவை ஓயாமல் ஆல்ஃபா, பீட்டா, காமா கதிர்களை விடுகின்றன. அதே மண்ணில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் படிகத் துகள்களும் இருக்கின்றன. கதிர் ஒன்று படிகத்தைக் கடக்கும்போது எலக்ட்ரான்களை அவற்றின் இடத்திலிருந்து தட்டிவிடுகிறது. பெரும்பாலானவை உடனே வீடு திரும்பிவிடும். சில மட்டும், படிகத்தின் ஒழுங்கு குலைந்த இடங்களில், அதாவது ஓர் அணு இல்லாத இடத்திலோ வேற்று அணு வந்து உட்கார்ந்த இடத்திலோ மாட்டிக்கொள்ளும். கோயில் உண்டியலில் விழும் காசு மாதிரி. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரே தொகை விழுகிறது, தானாக வெளியே வருவதில்லை. உண்டியலைத் திறந்து மொத்தத்தை எண்ணி, ஆண்டு வரவால் வகுத்தால், கடைசியாகத் திறந்து எத்தனை ஆண்டாயிற்று என்று தெரிந்துவிடும். கடைசியாகத் திறந்தவர் குயவர். சூளையில் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மாட்டியிருந்த எலக்ட்ரான் எல்லாம் விடுபட்டுவிடும். டாங் குதிரையின் உடல் வெந்தது அதற்கெல்லாம் வெகு மேலே. மண் தோன்றியதிலிருந்து சேர்ந்த கணக்கு அந்தச் சூளையில் பூஜ்யமாகிறது.

எலக்ட்ரான் மாட்டிக்கொள்ளும் இந்த இடங்களைப் பொறி என்பார்கள். எல்லாப் பொறிகளும் ஒரே ஆழம் அல்ல. குவார்ட்ஸில் 110 டிகிரியில் காலியாகும் ஆழமற்ற பொறி ஒன்று உண்டு. அறை வெப்பத்திலேயே அதிலிருந்து எலக்ட்ரான்கள் சில மணி நேரத்தில் நழுவிவிடும். 375 டிகிரிக்கு அருகே காலியாகும் ஆழமான பொறியிலோ அவை பல இலட்சம் ஆண்டுகள் அசையாமல் கிடக்கும். ஆயிரத்து இருநூறு ஆண்டை அளக்க ஆழமான பொறிதான் வேண்டும். ஆய்வகத்தில் மண்தூளைச் சூடாக்கும்போது 200 டிகிரி வரை கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாமல், 300-ஐத் தாண்டியதும் ஒளி எழுந்தால், பழைய பொருள்தான் என்ற முதல் நம்பிக்கை பிறக்கும்.

ஆம், ஒளிதான். சூடேறியதும் எலக்ட்ரான் விடுபட்டுத் தன் பழைய இடத்துக்குப் போகும்போது, சேர்த்து வைத்த ஆற்றலை ஒளியாகக் கொட்டுகிறது. 1663-இல் ராபர்ட் பாயில் ஒரு வைரத்தை இருட்டில் உடலோடு வைத்துச் சூடேற்றி அது மினுங்குவதைக் கண்டு ராயல் சொசைட்டிக்குச் சொன்னார். அதே நிகழ்வு பானைகளின் வயதை அளக்கும் கருவியாகும் என்று 1950களில் யோசனை எழுந்து, 1960களில் ஆக்ஸ்ஃபோர்டில் மார்ட்டின் எய்ட்கனின் குழு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

செய்முறை இது. உலோகத் தகட்டின் மேல் மெல்லிய மண்படலத்தை வைத்து, ஆக்சிஜன் நீக்கிய நைட்ரஜன் சூழலில் 500 டிகிரி வரை சீராகச் சூடேற்றுகிறார்கள். ஆக்சிஜன் இருந்தால் வேதிவினையால் வேறொரு ஒளி வந்து கணக்கைக் கெடுக்கும். மேலே ஒரு போட்டோமல்டிப்ளையர் குழாய் ஒளித்துகள்களை எண்ணுகிறது, வெப்பம் ஏற ஏற எவ்வளவு ஒளி என்பது ஒரு வளைகோடாகப் பதிவாகிறது. அதன் முன்னே நீல வடிகட்டி ஒன்று நிற்கும், ஏனெனில் சூடான தகடே சிவப்பாக ஒளிரத் தொடங்கிவிடும். ஒரு முறை சூடேற்றி ஆறவிட்டு மறுபடி சூடேற்றினால், இரண்டாம் முறை வருவது வெறும் தகட்டுச் சிவப்பு மட்டுமே. முதல் வளைகோட்டிலிருந்து அதைக் கழித்தால் மீதியிருப்பது காலம் சேர்த்த ஒளி. பிறகு அதே மண்ணுக்கு ஸ்ட்ரான்சியம்-90 மூலத்திலிருந்து அளந்த பீட்டா கதிரைக் கொடுத்து, எவ்வளவு கதிருக்கு எவ்வளவு ஒளி என்று அளவிடுகிறார்கள். ஒவ்வொரு மண்ணின் உணர்திறனும் வேறு என்பதால் இந்தப் படியைத் தாண்டவே முடியாது.

ஒரு கணக்கு போடுவோம். வாங்கிய கதிரை அளக்கும் அலகு கிரே, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிரே. மண் இதுவரை வாங்கிய கதிர் 6 கிரே, ஆண்டு வரவு 5 மில்லிகிரே என்றால் வயது 1,200 ஆண்டு. முப்பது ஆண்டுக்கு முன் செய்த போலியில் சேர்ந்திருப்பது 150 மில்லிகிரே மட்டும், நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே இருபது, இருபத்தைந்து சதவீதப் பிழை வந்தாலும் ஏலக்காரருக்குக் கவலையில்லை. எட்டாம் நூற்றாண்டா பத்தாம் நூற்றாண்டா என்று இந்தச் சோதனை அடித்துச் சொல்லாது. டாங்கா நேற்றா என்பதைச் சொல்லும்.

மாதிரி எடுக்கும் வேலையில்தான் பாதி வெற்றி இருக்கிறது. மங்கிய சிவப்பு விளக்கில், டங்ஸ்டன் கார்பைடு முனையால், மிக மெதுவாகத் துளைக்க வேண்டும். வேகமாகத் துளைத்தால் உராய்வுச் சூட்டிலேயே எலக்ட்ரான்கள் விடுபட்டு வயது குறைந்து தெரியும். வெள்ளை வெளிச்சமும் ஓரளவு அதையே செய்யும். அதனால் முதலில் வரும் மேற்பரப்புத் தூளைத் தள்ளிவிட்டு உள்ளிருந்து வருவதை மட்டும் சேர்ப்பார்கள். நூறு மில்லிகிராம் அளவு போதும். பூச்சில்லாத இடமாகப் பார்த்து, பீடத்தின் அடியிலும் வயிற்றின் உட்புறத்திலும் சில மில்லிமீட்டர் அகலத்தில் துளை போட்டு, வேலை முடிந்ததும் அடைத்துவிடுவார்கள்.

கணக்கு தவறும் இடங்களும் உண்டு. சில ஃபெல்ட்ஸ்பார்களில் எலக்ட்ரான் பொறியை ஏறித் தாண்டாமலே ஊடுருவி நழுவிவிடும், வயது குறைவாக வரும். மாதிரிக்குக் கதிர் கொடுத்துச் சில வாரம் இருட்டில் வைத்து மறுபடி அளந்தால் இந்தக் கசிவு தெரிந்துவிடும். கல்லறை ஈரமாக இருந்திருந்தால் மண்ணிலுள்ள நீர் கதிரில் ஒரு பங்கை விழுங்கியிருக்கும், ஆண்டு வரவை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். உண்மையான குதிரை வீட்டுத் தீவிபத்தில் மாட்டிச் சில நூறு டிகிரி கண்டிருந்தால், பாவம், அதன் கடிகாரம் அங்கேயே மறுபடி தொடங்கியிருக்கும்.

இனி ஏமாற்று வேலைக்கு வருவோம். எளிய வழி ஒட்டுவேலை. கல்லறைச் செங்கல், உடைந்த பழம்பானை ஆகியவற்றுக்கு மதிப்பில்லை, ஆனால் வயது உண்டு. துளைப்பவர் பீடத்தையும் வயிற்றையும் நாடுவார் என்று தெரிந்து, அந்த இடங்களில் மட்டும் பழந்துண்டைப் பதித்து மற்றதைப் புதிதாகச் செய்வார்கள். பழஞ்செங்கல்லையே செதுக்கி உருவமாக்குவதும், பழம்பானையை அரைத்துப் பிசினில் குழைத்து வார்ப்பதும் உண்டு. இங்கெல்லாம் சோதனை சரியான விடையைத்தான் தருகிறது, கேட்ட கேள்விதான் தவறு. கழுத்து, கால், சேணம் என்று பல இடங்களில் மாதிரி எடுப்பதும், சிடி ஸ்கேனில் ஒட்டுத்தையலைத் தேடுவதும், பிசினைக் கரைப்பானால் தொட்டுப் பார்ப்பதும்தான் மாற்று.

நுட்பமான வழி, போலிக்கே கதிர் கொடுத்துவிடுவது. கிருமிநீக்கம் செய்யும் காமா நிலையங்கள் ஆயிரக்கணக்கான கிரே கொடுப்பவை, 6 கிரே அவற்றுக்குச் சில நொடி வேலை. நேற்றுச் சுட்ட குதிரைக்கு ஒரே நாளில் 1,200 வயது. ஆழமற்ற 110 டிகிரிப் பொறி நிறைந்திருப்பது காட்டிக்கொடுக்கலாம், ஆனால் கொஞ்ச நாள் காத்திருந்தால் அதுவும் காலியாகிவிடும். அப்படியானால் சோதனை தோற்றதா?

தோற்கவில்லை, காரணம் சிர்கான். மண்ணில் மிகச் சிறு அளவில் கலந்திருக்கும் இந்தப் படிகம் உருவாகும்போதே, சிர்கோனியத்தின் இடத்தில் யுரேனியம் எளிதாகப் புகுந்துவிடும். சுற்றியுள்ள களிமண்ணில் பத்து இலட்சத்தில் மூன்று பங்கு யுரேனியம் என்றால், சிர்கான் துகளுக்குள் நூற்றுக்கணக்கான பங்கு இருக்கும். ஆல்ஃபா துகள் மண்ணில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தூரம்தான் போகும். ஆகவே சிர்கானுக்குள் பிறக்கும் ஆல்ஃபாவின் பெரும்பகுதி அந்தத் துகளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. விளைவு, ஒரே பானையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு படிகங்களின் ஆண்டு வரவு பல மடங்கு வேறுபடுகிறது. பானை உண்மையிலேயே பழையதாக இருந்தால் குவார்ட்ஸ் சில கிரேயும் சிர்கான் அதைப்போல் பல மடங்கும் காட்ட வேண்டும். காமா நிலையமோ எல்லாத் துகளுக்கும் ஒரே அளவைத்தான் கொடுக்கும். போலிக்காரர் மொத்தத் தொகையைச் சரியாகப் போட்டுவிடலாம், ஒவ்வொரு துகளின் பங்கையும் தனித்தனியே போட அவருக்கு வழியே இல்லை. இயற்பியல் தந்த பூட்டுகளில் இதைப்போல் மனம் நிறைய வைப்பது எனக்கு வேறில்லை.

இந்த முறைக்குப் பெயர் வாங்கித் தந்தது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள, 40 சென்டிமீட்டர் உயரமுள்ள கிரேக்க வெண்கலக் குதிரை. 1923-இல் வாங்கியது. 1967-இல் அருங்காட்சியகமே அதைப் போலி என்று அறிவித்தது. உடலைச் சுற்றி ஓடிய கோடு ஒன்றை வார்ப்பச்சின் தையல் என்று கொண்டார்கள், காமா கதிர்ப்படத்தில் தெரிந்த உள்மண்ணையும் கம்பியையும் பிற்காலத்து வார்ப்பு முறைக்குச் சான்றாகக் காட்டினார்கள். பிறகு அந்த அறிவிப்பின் மேலேயே சந்தேகம் எழுந்தது. உள்ளே இருக்கும் மண், உருக்கிய வெண்கலம் ஊற்றப்பட்டபோது வெந்தது, ஆகவே அதை அளக்கலாம். ஆனால் கதிர்ப்படம் எடுத்ததால் அந்த மண் செயற்கைக் கதிரை ஏராளமாக வாங்கியிருந்தது, சாதாரண முறை பயன்படாது. ஒளிர்வு ஆய்வாளர் டேவிட் சிம்மர்மனும் கூட்டாளிகளும் அந்த மண்ணிலிருந்து சிர்கான் துகள்களைப் பொறுக்கி ஒவ்வொன்றாக அளந்தார்கள். கதிர்ப்படம் கொடுத்த தொகை, சிர்கான் தனக்குள் சேர்த்த தொகைக்கு முன் சிறியதாகிப்போனது. குதிரை பழையதே என்று தெரிந்தது. இன்று அருங்காட்சியகம் அதைக் கி.மு. இரண்டாம், முதலாம் நூற்றாண்டினது என்கிறது.

சோதனைக்கு எட்டாத பொருள்களும் உண்டு. பீங்கான் கண்ணாடிபோல் இறுகியது, வைரமுனையால் துளையிட்டால் விலையே விழுந்துவிடும். நம் சோழர் செப்புத்திருமேனிகள் பெரும்பாலும் கனமாக, உள்மண் இல்லாமல் வார்க்கப்பட்டவை, அவற்றில் அளக்க எதுவும் இல்லை. அங்கே உலோகத்தின் சேர்மானம், துருவின் அடுக்குகள், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய கோயில் ஒளிப்படங்கள் ஆகியவையே துணை.

அதைவிட முக்கியமானது, பொருள் எப்போது வெந்தது என்பதை மட்டும் இந்த ஒளி சொல்லும், யார் தோண்டித் திருடினார்கள் என்பதைச் சொல்லாது. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுச் சுடுமண் சிலைகளைச் சந்தைக்காகச் சோதித்துக் கொடுப்பது கல்லறைக் கொள்ளைக்குத் துணைபோவதாகும் என்று எதிர்ப்பு எழுந்தது நியாயமே. சான்றிதழ் வந்ததும் கொள்ளைப் பொருளின் விலை ஏறுகிறது. மறுபக்கம், 1971-இல் துருக்கியின் ஹாசிலார் என்ற தொல்லிடத்தின் பாணியிலான கலங்கள் 66-ஐச் சோதித்தபோது 48 இக்காலத்தவை என்று தெரிந்தது. அவற்றில் பல அருங்காட்சியகங்களில் இருந்தவை. இந்த வசதி ஏலக்காரருக்கு முன் அருங்காட்சியகங்களுக்கு எட்ட வேண்டும். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் பாலைவன மணலின் வயதைப் பல பத்தாண்டுகளாக ஒளிர்வு முறையில் அளந்துவரும் நாட்டில், அருங்காட்சியகங்களுக்கென்று இத்தகைய ஆய்வகங்களை அமைக்க அறிவு குறைவில்லை, பணம் ஒதுக்கும் மனம்தான் வேண்டும். இடிவிழுந்து இரிடியம் ஏறிய கலசம் அரிசியை இழுக்கும் என்று சொல்லி இன்றும் நம் ஊரில் இலட்சக்கணக்கில் ஏமாற்றுகிறார்களே, பழம்பொருளை அளக்கத் தெரிந்த ஆய்வகம் பொதுமக்கள் கண்ணில் படும் இடத்தில் இருந்தால் அந்த வியாபாரத்துக்கு இவ்வளவு இடம் இருக்காது.

சான்றிதழைப் படிக்கும்போது எண்ணையும் முத்திரையையும் விட, துளையிட்ட இடங்களைக் குறித்த படத்தைத் தேடுங்கள். எத்தனை துளை, தலையிலும் காலிலும் எடுத்தார்களா, மாதிரியை ஆய்வகத்தின் ஆளே எடுத்தாரா அல்லது விற்பவர் தூளைப் பொட்டலம் கட்டி அனுப்பினாரா என்று பாருங்கள். படத்தில் உள்ள விரிசலும் பூச்சு வழிந்த கோடும் உங்கள் முன் நிற்கும் பொருளில் அதே இடத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் ஒரு குதிரையின் சான்றிதழை அதன் நகலோடு சேர்த்து விற்பதும் நடக்கிறது. விமான நிலைய எக்ஸ்ரே பற்றிக் கவலை வேண்டாம், அதன் அளவு மிக அற்பம். ஆனால் தொழிற்சாலைக் கதிர்ப்படமோ சிடி ஸ்கேனோ எடுக்கப்போகிறீர்கள் என்றால் ஒளிர்வு மாதிரியை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். முன்பே படம் எடுத்தாகிவிட்டது என்றால் அதை மறைக்காமல் ஆய்வகத்திடம் சொல்லுங்கள்.