துடைத்த கறை சோபாவில் ஏன் திரும்பி வருகிறது?

சோபாவில் சிந்திய தேநீரை ஈரத்துணியால் துடைத்தவுடன் கறை மறைந்துவிடுகிறது. மறுநாள் பார்த்தால் அதே இடத்தில், முன்பைவிட அகலமாக, ஓரம் மட்டும் பழுப்பேறிய ஒரு வளையம் தெரிகிறது. துடைத்தவர் சரியாகத் துடைக்கவில்லை என்று வீட்டில் பேச்சு எழும். அவர் மேற்பரப்பை நன்றாகவே துடைத்திருப்பார். கறையின் பெரும்பகுதி அதற்குக் கீழே இருந்தது.

சட்டையைத் தண்ணீரில் முக்கி, அலசி, பிழிந்து, கொடியில் போடலாம். அழுக்கு அலசிய தண்ணீரோடு வெளியேறிவிடும். சோபாவில் அந்த வசதி இல்லை. மேலே நெய்த துணி, அதன் கீழே பெரும்பாலும் மெல்லிய பாலியஸ்டர் பஞ்சு, அதற்கும் கீழே பாலியுரித்தேன் ஃபோம். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்த வேதிவினையிலிருந்து வளர்ந்த பொருள் இது. ஒன்றோடொன்று திறந்து இணைந்திருக்கும் நுண்ணறைகளால் ஆனதால்தான் ஃபோம் அமுங்கி எழுகிறது. அதே காரணத்தால், துணியைக் கடந்து இறங்கிய திரவம் அதற்குள் எல்லாப் பக்கமும் பரவித் தங்கிவிடுகிறது.

உள்ளே தங்கிய தண்ணீர் வெளியேற முக்கியமான வழி, மேற்பரப்பில் ஆவியாவதுதான். மேலே உள்ள துணி காயக் காய, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, நூலிழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியே கீழிருந்து தண்ணீர் மேலேறுகிறது. தேநீரின் நிறப்பொருள்களும் அதோடு ஏறிவருகின்றன. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். நிறப்பொருளால் ஆவியாக முடியாது. துடைத்த கறை திரும்பி வருவதன் ரகசியம் இவ்வளவுதான்.

வளையத்துக்கான விளக்கம் இதன் நெருங்கிய உறவு. காய்ந்த காபித் துளியின் ஓரம் மட்டும் ஏன் கருத்திருக்கிறது என்ற கேள்விக்கு, 1997இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகனும் அவருடைய சக ஆய்வாளர்களும் விடை கண்டார்கள். துளியின் விளிம்பு நகராமல் பிடித்துக்கொண்டிருக்கும். அங்கேதான் நீர் வேகமாக ஆவியாகும். இழந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடும். ஓடும்போது துகள்களையும் இழுத்துச்செல்லும். துணியில் அமைப்பு வேறு என்றாலும், ஈரம் பரவி நின்ற எல்லையில் கரைந்தவை குவிவது இங்கும் நடக்கிறது. அதனால்தான், கறையே இல்லாத பழைய சோபாவில் வெறும் தண்ணீரை ஊற்றினாலும் வளையம் விழுகிறது: துணியில் ஏற்கெனவே இருந்த அழுக்கு எல்லையில் போய்ச் சேருகிறது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீராக இருந்தால் கூடவே வெள்ளைப் படிவும் வரும். இந்த வேலைக்கு ஆர்ஓ தண்ணீரைப் பயன்படுத்துவது ஆடம்பரமல்ல.

இந்த இயற்பியலை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். சிந்தியவுடன் தேய்க்காமல், உலர்ந்த வெள்ளைப் பருத்தித் துணியை வைத்து அழுத்தி, ஈரம் வருவது நிற்கும்வரை உறிஞ்சி எடுக்க வேண்டும். தேய்த்தால் திரவம் ஆழமாக இறங்குவதோடு இழைகளும் முறிந்து, அந்த இடம் நிரந்தரமாக மங்கும். பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மிகக் குறைவாக ஈரப்படுத்தி, பல மடிப்பாக மடித்த துண்டைக் கறையின் மேல் வைத்து, அதன்மேல் கனமான ஒன்றை ஏற்றி, காயும்வரை விட்டுவிடலாம். இப்போது ஆவியாகும் மேற்பரப்பு சோபா அல்ல, துண்டு. மேலேறும் கறை பெருமளவு அதில் படியும். கடைசியாக அந்த குஷனின் முகப்பு முழுவதையும் தையலிலிருந்து தையல் வரை லேசாகத் துடைத்துவிட்டால், ஈரத்தின் எல்லை தையலோரத்தில் மறைந்துவிடும்.

சோப்பு விஷயத்தில் தாராளம் கூடாது. சோப்பு மூலக்கூற்றின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் பற்றுவதால் அழுக்கு இழையைவிட்டுக் கழன்றுவருகிறது. ஆனால் அலசி வெளியேற்ற முடியாத சோபாவில், மிஞ்சிய சோப்பு பிசுபிசுப்பாகத் தங்கி, புதிய தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நுரையை மட்டும் எடுத்துப் பூசுவதே சரி: நுரையில் பெரும்பகுதி காற்று, தண்ணீர் கொஞ்சம்தான்.

நம் வீடுகளுக்கே உரிய கறை சாம்பாருடையது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். காரத்தன்மையுள்ள சோப்பு பட்டவுடன் அது சிவப்பாக மாறிப் பயமுறுத்தும். அது புதுக் கறையல்ல, அதே மூலக்கூறு நிறம் மாறியது. ஒளி குர்குமினைச் சிதைப்பதால், எண்ணெயை நீக்கியபின் ஓரிரு நாள் வெயில் படவைத்தால் மஞ்சள் வெளிறும். துணியின் சொந்தச் சாயமும் வெயிலில் வெளிறக்கூடும் என்பதால் கண்காணிப்பு தேவை.

எதைச் செய்யும் முன்பும் குஷனின் அடியில் தைத்த குறிச்சீட்டைப் பார்ப்பது நல்லது. டபிள்யூ என்றிருந்தால் தண்ணீர் கலந்த கலவை ஆகும். எஸ் என்றால் தண்ணீர் கூடாது, உலர்சலவைக் கரைப்பான் மட்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டுமே ஆகும். எக்ஸ் என்றால் தூசி உறிஞ்சுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உறையில் ஜிப் இருப்பதாலேயே அதைக் கழற்றித் துவைக்கலாம் என்று பொருளல்ல. பல சோபாக்களில் அது ஃபோமை உள்ளே நுழைப்பதற்காக வைத்தது. துவைத்துச் சுருங்கிய உறை திரும்ப ஏறாது.

தூசியை உறிஞ்சும் யோசனைக்கே ஓர் இருக்கையோடு தொடர்பு உண்டு. 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், உணவகம் ஒன்றின் மெத்தை இருக்கையில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்து, இருமித் திணறி, தன் எண்ணம் சரி என்று உறுதி செய்துகொண்டார். அந்தத் தூசியில் வசிப்பவை கால் மில்லிமீட்டர் அளவுள்ள தூசிப்பூச்சிகள். நம் உடலிலிருந்து உதிரும் தோல்செதில்களே அவற்றின் உணவு. வீட்டுத் தூசியால் வரும் ஒவ்வாமைக்கு இவையே முக்கியக் காரணம் என்பதை 1960களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் வூர்ஹார்ஸ்ட் குழுவினர் காட்டினார்கள். இவை தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உடலால் ஈர்த்துக்கொள்கின்றன. ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் வறண்டு மடிகின்றன. கடலோர ஊர்களில் காற்று அந்த அளவுக்கு வறள்வது அரிது. எனவே வாரம் ஒருமுறை குஷன்களைத் தூக்கி, இடுக்குகளையும் சேர்த்து உறிஞ்சுவதே நடைமுறை வழி. ஈரமாகச் சுத்தம் செய்வதை மழை மாதங்களில் தவிர்த்து, குஷன்களை நிமிர்த்தி வைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரே நாளுக்குள் உள்வரை காயக்கூடிய வறண்ட நாட்களுக்கு ஒதுக்குவது நல்லது. அதற்குமேல் ஈரம் நீடித்தால் ஃபோமுக்குள் பூஞ்சை வளரத் தொடங்கும், அந்த வாடையை எந்த ஷாம்புவும் எளிதில் போக்காது.