கூலன்ட் நிறைந்திருந்தும் இன்ஜின் ஏன் கொதிக்கிறது?

கிணற்று மோட்டார் ஓடும், சத்தமும் சரியாகத்தான் கேட்கும், ஆனால் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாது. "ஏர் புடிச்சிருச்சு" என்பார்கள். பம்பின் மூடியைத் திறந்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, உள்ளே இருக்கும் காற்றை விரட்டிய பிறகுதான் மறுபடி தண்ணீர் வரும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. காரின் பானட்டுக்குள், இன்ஜினின் சூட்டை வாங்கிப் போகும் கூலன்ட் என்ற திரவத்தைச் சுற்றவிடுவதும் இதே வகைப் பம்புதான். அதற்கும் இதே நோய் வரும்.

இந்தப் பம்பில் இதழ்கள் கொண்ட ஒரு சக்கரம் வேகமாகச் சுழன்று, நடுவிலிருக்கும் நீரை விளிம்பை நோக்கி வீசி எறிகிறது. நீர் போன இடத்தில் அழுத்தம் குறைவதால் அடுத்த நீர் ஓடி வருகிறது. காற்றோ நீரைவிடச் சுமார் 800 மடங்கு எடை குறைந்தது. அதை எவ்வளவு வேகமாக வீசினாலும் நீரை இழுக்கும் அளவுக்கு அழுத்தம் குறையாது. சக்கரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும்.

காற்று பம்பில் நிற்காமல், இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டில் போய்த் தங்கினால் ஆபத்து இன்னும் அதிகம். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4200 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு 1.2 ஜூல் போதும். அப்படியென்றால் காற்று நிற்கும் இடத்தில் உலோகத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு போக ஆளே இல்லை. அந்த ஓர் இடம் மட்டும் தகிக்கும். பக்கத்தில் இருக்கும் கூலன்ட் ஆவியாகிப் பல மடங்கு விரிந்து, மீதியையும் ரிசர்வ் டேங்குக்குத் தள்ளிவிடும். அலுமினிய ஹெட் வளைவதும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் தகடு போவதும் இப்படித்தான்.

என் காரில் இன்ஜினையும் ரேடியேட்டரையும் இணைக்கும் மேல் ஹோஸை மாற்றி, "ஃபுல்லா ஊத்தியாச்சு" என்று சொல்லித்தான் பட்டறையிலிருந்து அனுப்பினார்கள். ஏற்காடு மலை ஏறும்போது டாஷ்போர்டுக்குப் பின்னால் களக் களக் என்று சத்தம். வெப்பமானி முள் நடுவிலேயே நின்றது. சந்தேகத்தில் ஹீட்டரைப் போட்டேன். சில்லென்று காற்று வந்தது. சூடான இன்ஜினின் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், ஹீட்டர் குழாய்க்குள் கூலன்ட் ஓடவில்லை என்று அர்த்தம். ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன். முள்ளை நம்பியிருந்தால் ஹெட் போயிருக்கும். வெப்பமானியின் சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் உண்மையைச் சொல்லும்; காற்றுக்குள் மாட்டிக்கொண்டால் கொதிக்கும் இன்ஜினையும் சாதாரணமாகவே காட்டும்.

மேலே எழுவது காற்றின் குணம். பிறகு ஏன் தானாக வெளியே போவதில்லை? குழாய்கள் ஏறி இறங்கிப் போவதால்தான். மேடான வளைவில் போய் உட்காரும் குமிழியைக் கீழே இழுத்துப் போக நீரோட்டத்துக்கு வலு போதாது. ஆகவே அந்த மேட்டிலேயே அதற்கு ஒரு வாசல் வைக்கிறார்கள். பல கார்களில் தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்டுக்கு வழி திறக்கும் வால்வு) இருக்கும் கூட்டின் மேலோ மேல் ஹோஸிலோ இருக்கும் ஏர் ஸ்க்ரூ அதற்குத்தான். தெர்மோஸ்டாட் தட்டிலேயே, ஆடும் சிறு ஊசியோடு ஒரு துளையும் இருப்பதுண்டு. மாட்டும்போது அந்தத் துளை மேல்பக்கம் இருக்க வேண்டும்.

மறுநாள் காலை, இன்ஜின் நன்றாக ஆறியபின், வேறொரு மெக்கானிக் காரின் முன்சக்கரங்களை மேட்டில் ஏற்றி நிறுத்தினார். இப்போது ரேடியேட்டர் மூடிதான் எல்லாவற்றிலும் உயரம். ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, புனலில் மெதுவாகக் கூலன்டை ஊற்றினார். முதலில் புஸ்ஸென்று வெறும் காற்று. பிறகு நுரை, துப்பித் துப்பி வந்தது. இடையிடையே ஹோஸைக் கையால் பிசைந்துவிட்டார். ஒவ்வொரு பிசைவுக்கும் புனலில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது, மட்டம் ஒரு விரல் இறங்கியது. கடைசியில் பச்சை நிறத்தில் ஒரே சீராக ஒழுகியபோது ஸ்க்ரூவை மூடினார்.

வேலை அதோடு முடியவில்லை. தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 முதல் 90 டிகிரிக்குள்தான் திறக்கும். அதுவரை அதற்குப் பின்னால் இருக்கும் காற்று வெளியே வர வழியில்லை. அதனால் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சூடாகும்வரை இன்ஜினை ஓடவிட்டு, ஆறியதும் மட்டம் பார்த்து மறுபடி ஊற்றினார். முக்கால் லிட்டர் கூடுதலாகப் பிடித்தது. முந்தைய நாள் அவ்வளவு காற்றை வைத்துக்கொண்டுதான் மலை ஏறியிருக்கிறேன்.

சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் தொடவே கூடாது. மூடியின் அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் 110 டிகிரியிலும் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

இரண்டு மூன்று முறை ஏர் எடுத்தும் குமிழிகள் நிற்கவில்லையா? அது பெரும்பாலும் ஊற்றும்போது தங்கிய காற்றாக இருக்காது. கேஸ்கட் விட்டுப்போய், சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் புகுந்துகொண்டிருக்கலாம். அது உறுதியானால் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.